இரண்டு முன்பக்கம் உள்ள படகு

கடலோரத்தில் வேப்பமுனை என்று ஓர் ஊர். அங்கே மீன் நிறைய. யோசனை அதைவிட நிறைய.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு, ஊருக்கு எதிரே இருந்த தீவில் பெண் பேசியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு முகூர்த்தம். தவறினால் பெண்ணை அவள் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவோம் என்று பெண்வீட்டார் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் இருந்த படகின் பின்புறம் கதவு போலத் தட்டை. பின்காற்றில் போனால், துரத்தி வரும் அலை அதில் அறைந்து உள்ளே ஏறிவிடும். அதனால் புதுப் படகு கட்டச் சூசை ஆசாரியை அழைத்தார்கள்.

“பின்புறத்தையும் கூரா வைக்கிறேன்” என்றார் சூசை. “பின்னால வர்ற அலை ரெண்டாப் பிளந்து ஓரமாப் போயிரும். நடுக்கடல்ல காத்து அடிச்சாலும் பயமில்ல. சாமான் வைக்க இடம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கும்.”

கடைசி வாக்கியம் மட்டும் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. காரணம் உண்டு. ஊர்த்தலைவர் சீராளனும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வயிரவனும் எந்தப் படகிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. முன்னால் உட்காருவது யார் என்ற பேச்சு முடிவதற்குள் எத்தனையோ நல்ல காற்று வீணாய்ப் போயிருந்தது.

படகு தயாரானது. வழக்கப்படி முன்முனைக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைக்க வேண்டும். தலைவர் ஒரு முனையைக் காட்டினார். மாமன் மறுமுனையைக் காட்டினார். ஊர் கூடி யோசித்து, இரண்டுக்கும் பொட்டு வைத்தது.

“அப்போ சுக்கான் ஏன் இங்க தொங்குது?” என்றார் மாமன். “பொட்டு வெச்ச முனையில சுக்கான் மாட்டுவாங்களா?”

“மாட்டமாட்டாங்க” என்றார் தலைவர். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். படகைத் திருப்ப உதவும் அந்தச் சுக்கானைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள்.

“பின்பக்கம்னு ஒண்ணு வேணும் தலைவரே. அதுக்குத்தான் கூரே வெச்சேன்” என்றார் சூசை.

“நீதானப்பா சொன்ன, அதுவும் முன்பக்கம் மாதிரின்னு.”

சூசை வீட்டுக்குப் போய்விட்டார். போன வேகத்தில் ரம்பத்தைப் படகிலேயே மறந்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை மாலையோடு நடுப்பலகையில் உட்கார்ந்தான். பாயை ஏற்றவில்லை. பாய் வீங்குகிற பக்கம்தான் முன்பக்கம் என்று ஆகிவிடும், ஒருவருக்கு அவமானம். தலைவரின் ஆட்கள் தலைவர் பக்கமாகத் துடுப்பு வலித்தார்கள். மாமனின் ஆட்கள் மாமன் பக்கமாக வலித்தார்கள். தீவு இருந்த இடத்திலேயே இருந்தது. கரையும் அப்படியே.

“நல்ல படகு” என்றார் தலைவர். “ஒரு சொட்டுத் தண்ணி ஏறல.”

“அலை எங்கேர்ந்து வந்தாலும் முன்பக்கத்துலதானே மோதுது” என்றார் மாமன்.

“மாமா, முகூர்த்தம்…” என்றான் மாப்பிள்ளை மெதுவாக.

“நாங்க போயிட்டுதான்டா இருக்கோம். பின்னால இருக்கிறவங்க இழுக்கிறாங்க.”

தலைவர் துடுப்புகளை நிறுத்தச் சொன்னார். “பின்னாலயா? அப்போ இந்தப் படகுக்குப் பின்பக்கம் இருக்குதா?”

எல்லாரும் நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு மாமன் சொன்னார்: “இருக்குது. எனக்குப் பின்பக்கம் நடுவுல. உங்களுக்கும் நடுவுல. மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கான் பாருங்க, அதான் பின்பக்கம். அதுதான் நம்மள ஓட விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கு.”

ரம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

படகை நடுவில் அறுத்து முடித்ததும் இரண்டு பாதியும் நகர்ந்தன, கீழ்நோக்கி. எல்லாருக்கும் நீந்தத் தெரியும் என்பதால் உயிருக்கு ஒன்றுமில்லை. தலைவரும் மாமனும் தங்கள் தங்கள் பொட்டு முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கம்பீரமாக மிதந்தார்கள்.

கழன்றுபோன நடுப்பலகைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று அதை மாப்பிள்ளையோடு நேரே தீவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. பத்து மணிக்குச் சற்று முன்பு பூவலிங்கம் ஈர மாலையோடு கரையேறினான்.

“வாங்க மாப்பிள்ளை” என்றார் பெண்ணின் அப்பா. “உங்க ஆளுங்க எங்க?”

பூவலிங்கம் திரும்பிப் பார்த்தான். அலைகளுக்கு நடுவே இரண்டு பொட்டுகள் தெரிந்தன.

“ரெண்டு படகுல வர்றாங்க மாமா. ரெண்டுக்கும் பின்பக்கமே கிடையாது. அதான் கொஞ்சம் தாமதம்.”

பெண்ணின் அப்பா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“பின்பக்கமே இல்லன்னா, அலை எப்படிப் பின்னால வந்து அடிக்கும்? நல்ல வேலைப்பாடு. எங்களுக்கும் ஒண்ணு சொல்லிவைங்க மாப்பிள்ளை.”