கிட்டாருக்குக் காவல் இருந்தவர்

ஏலகிரி மலை ஏறுகிற பஸ்ஸில் ஒரு கிட்டாருக்கு டிக்கெட் எடுத்தவர், உலகம் தோன்றிய நாள் முதல், சூசைமாணிக்கம் ஒருவர்தான். சந்தேகம் இருப்பவர்கள் கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

“மேல கேரியர்ல போடுங்க, பெரியவரே.”

“ஆளை யாராவது கேரியர்ல போடுவாங்களாப்பா?”

கண்டக்டர் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். கிழவரின் முகத்தைப் பார்த்தார். இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் யாருக்கு என்று மட்டும் கேட்டார்.

“அவளுக்கு,” என்றார் சூசைமாணிக்கம்.

பெட்டிக்குள் இருந்தது அவர் மனைவி ரெஜினாவின் கிட்டார். ஜோலார்பேட்டை கோயில் பாடல் குழுவில் முப்பது வருஷம் அதை வாசித்தவள் ரெஜினா. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவள் இறந்து ஒரு வருஷம்.

சூசைமாணிக்கம் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கடைசிப் பெட்டியில் நின்று, எல்லா ஊரும் தன்னை விட்டுப் பின்னால் போவதைப் பார்த்த மனிதர். ரெஜினா போன பிறகு, என்ன தோன்றியதோ, மலைமேல் இருக்கும் ஆக்னஸ் டீச்சரிடம் கிட்டார் படிக்கச் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் வாசலுக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்றிவிடுவார். டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால், அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் பதில் வரும் என்பார்கள். சில கேள்விக்குப் பால் தயிராகிவிடுவதும் உண்டு.

இதுவரை அவர் படித்ததெல்லாம் பிளைவுட்டில் செய்த ஒரு மலிவுக் கிட்டாரில். ரெஜினாவின் கிட்டாரை மலைக்குக் கொண்டுவந்தது இதுவே முதல் தடவை.

மேசைமேல் பெட்டியை வைத்துத் திறந்தார்.

“இதுக்கு உடம்புக்கு முடியல, டீச்சர்.”

டீச்சர் குனிந்து, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒருமுறை மீட்டினார். ஈரச் சாக்கைக் குச்சியால் அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. வந்த வேகத்தில் செத்தும் போனது.

“கடைசியா யார் வாசிச்சது?”

“ரெஜினாதான். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில.”

“அப்புறம்?”

“யாரும் தொடல. நான் விடல.”

சரக்கு வண்டியைச் சீல் உடையாமல் ஊர் சேர்த்த கார்டின் குரலில் அதைச் சொன்னார்.

“ஏன் விடல?”

“நீங்க சொன்னதுதானே, டீச்சர். மொத நாள் பாடத்துல. மரம் பழகும், யார் வாசிக்கிறாங்களோ அவங்க கைக்குப் பழகும், எந்த வீட்ல இருக்கோ அந்த வீட்டுச் சத்தத்துக்குப் பழகும்னு. அப்போ இதுக்குள்ள இருக்கிறது ரெஜினா பழக்கின சத்தம். வேற கை பட்டா கலைஞ்சு போயிடுமே.”

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். கிழவர் எல்லாவற்றையும் சொன்னார்.

ரெஜினா வாசித்த பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கிட்டாரின் வாய்க்கு நேராக ஒரு ஸ்பீக்கரை வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அது பாடியபடி இருக்கும். எதிர்வீட்டு முருங்கையில் குடியிருந்த காகம் ‘ஆமென்’ வரும் இடத்தில் தலை குனியப் பழகிவிட்டதாக அந்தத் தெருவில் பேச்சு. டிவியை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குக்கர் விசிலுக்குப் பயந்து அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினார்.

“போன்ல பேசணும்னா?”

“ரோட்டுக்கு வந்து பேசுவேன்.”

“வீட்ல நீங்க பேசுறதே இல்லையா, ஐயா?”

“என் குரல் அதுக்குப் பழகிடக் கூடாது இல்ல?”

“ஒரு வருஷமா?”

“பழகிடுச்சு, டீச்சர்.”

வெளியே காற்றில் கதவு ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

“இப்ப என்ன செய்யணும்?”

“ஞாயித்துக்கெழமை வருஷப் பூசை. ஒரே ஒரு பாட்டுக்கு அவ சத்தம் கோயில்ல கேக்கணும். அவ்வளவுதான். எடுத்துப் பாத்தா இப்படிக் கெடக்கு. இதை எழுப்பிக் குடுங்க. பாடல் குழுப் பசங்க வாசிக்கிறோம்னு கேக்குறாங்க, அவனுங்க கையில குடுக்க மாட்டேன். நீங்க வாசிச்சா… வேணாம். உங்க கை பலமான கை. மரம் உங்க பக்கம் சாஞ்சிடும்.”

டீச்சர் கிட்டாரைத் தூக்கினார். கிழவரின் கைகள் கூடவே எழுந்தன, குழந்தையை அடுத்தவர் வாங்கும்போது எழுவது போல. டீச்சர் அதைத் திருப்பி முதுகைக் காட்டினார். பாலிஷின் நடுவில் நீளவாக்கில் கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“இது அவங்க போட்டதா?”

“சே, அவ அதை மடியில துணி விரிச்சுத்தான் வெப்பா. அது ரயில் டிரைவர் கிளாரன்ஸ் போட்டது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோறப்ப அவர்கிட்டதான் வாங்கினோம். மனுஷன் பெல்ட்டைக் கழட்டாமலே வாசிப்பார். கொக்கி கிழிச்சது அது.”

“வாங்கினப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?”

“அதை ஏன் கேக்குறீங்க. சுருட்டுப் பிடிச்ச தொண்டை. தொட்டா இருமும். ரெஜினா ஒரு வாரம் அழுதா. வித்துத் தொலைச்சிட்டு வேற வாங்கலாம்னு நானே சொன்னேன்.”

“விக்கல.”

“எங்க வித்தா. தினமும் எடுத்து வெச்சுக்கிட்டா. உலை வெச்சிட்டு வந்து வாசிப்பா. மாவு பிசைஞ்ச கையைத் தொடச்சிட்டு வாசிப்பா. எப்ப மாறுச்சுன்னு தெரியல. ஒருநாள் டூட்டி முடிஞ்சு வர்றேன், தெருமுனையிலேயே தெரியுது, இது அவ சத்தம்னு.”

“கிளாரன்ஸ் என்ன ஆனார்?”

“பெர்த்ல மக வீட்ல…”

“கிட்டார்ல.”

கிழவர் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“தடிச்ச கம்பியில மட்டும் லேசா ஒரு கரகரப்பு இருக்கும். பாட்டு முடிஞ்சு அடங்குறப்போ கேக்கும். அவ வாசிப்புலயே எனக்கு அதுதான்…”

கிழவர் அந்தக் கீறல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரையும் புதுக் கம்பிக் கட்டு ஒன்றையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

“பழைய கம்பியைக் கழட்டுங்க.”

“டீச்சர், அதுல அவ வேர்வை இருக்கு.”

“இருக்கு. துருவா இருக்கு.”

“நீங்களே கழட்டிடுங்களேன்.”

“என் கை பலமான கை, ஐயா.”

கிழவர் முறைத்தார். முறைத்தும் ஒன்றும் நடக்காததால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கீயாகத் திருகித் தளர்த்தினார். கம்பிகள் முனகிக்கொண்டே இறங்கின. தளர்ந்ததை ஒவ்வொன்றாக நறுக்கினார். கடைசிக் கம்பியில் மட்டும் பிளேயரை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. பிறகு அதையும் நறுக்கினார்.

துருப்பிடித்த கம்பிகளைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு முனை துணியைத் துளைத்து நெஞ்சில் குத்தியது. அதை எடுக்கவில்லை.

புதுக் கம்பி மாட்டவும் சுருதி சேர்க்கவும் நெடுநேரம் ஆயிற்று. டீச்சர் வாயால் சொல்லச் சொல்ல அவரே செய்தார்.

“வாசிங்க.”

“நானா?”

“ஞாயித்துக்கெழமை வேற யாரு?”

“எனக்கு சி, எஃப், ஜின்னு மூணு பிடிதான் தெரியும், டீச்சர்.”

“ஒரு பாட்டுதானே.”

கிழவர் மீட்டினார். சத்தம் பளபளவென்று வெளியே குதித்தது. புதுத் தகரத்தில் வெயில் பட்டது போலக் கூசியது. அவர் கையால் கம்பிகளைப் பொத்தினார்.

“இது அவ இல்ல.”

“இல்ல.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆயிடுவாளா?”

“மாட்டாங்க.”

“அப்போ இது என் சத்தமா?”

“அதுவும் இன்னும் ஆகல.”

கிழவருக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம் பேசாதிருந்த வீட்டுக்கும் சேர்த்து வந்த கோபம் அது.

“பூட்டி வெச்சிருந்தேன், டீச்சர். வாய் தொறக்காம காவல் இருந்தேன். பேரப்பிள்ளை வந்தாக்கூட வெளியே கூட்டிட்டுப் போய்த்தான் கொஞ்சினேன். உங்களை நம்பிக் கொண்டாந்தேன். வந்த ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டீங்களே.”

“சி பிடிங்க,” என்றார் டீச்சர்.

“நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க…”

“சி.”

பழக்கதோஷத்தில் கை போனது. ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியில், முதல் கட்டத்தில் இறங்கியது. இறங்கிய விரல் லேசாகச் சறுக்கி ஓரிடத்தில் நின்றது. அவர் விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அங்கேயே போய் நின்றது.

கிட்டாரின் கழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். கம்பிக்கு அடியில் மரம் தேய்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒருதரம்கூட அவர் இந்தக் கழுத்தைப் பிடித்ததில்லை. துடைத்ததுண்டு, துணியால்.

“டீச்சர், இங்க ஒரு பள்ளம் இருக்கு.”

டீச்சர் தலையசைத்தார்.

கிழவர் விரல் நுனியால் அதன் ஓரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு விரலை அதில் வைத்துப் பார்த்தார். இடுக்கிப் பிடித்தும், சாய்த்துப் பிடித்தும் பார்த்தார். மீட்டியபோது அந்தக் கம்பி மட்டும் ஊமையாய் நின்றது.

“சின்ன விரல் அவளுக்கு,” என்றார் மெதுவாக. “என் விரல் இதுல அடங்கல.”

பால் பொங்கி அடுப்பு அணையும் நேரம் ஆயிற்று.

“தினமும் வாசிங்க, ஐயா,” என்றார் டீச்சர். “இடம் கொடுக்கும்.”