நாணல்திட்டுக்கு வந்த துணைகள்

ஆற்றின் நடுவே நாணல்திட்டு என்றொரு சிறு தீவு இருந்தது. சுற்றிலும் ஆழமான தண்ணீர். அதனால் அங்கு வாழ்ந்த முயல்களுக்கு யாரிடமும் பயமில்லை.

ஒரு கோடையின் தொடக்கத்தில் முயல் அரசர் இறந்துபோனார்.

"அரியணை எனக்கே!" என்றாள் அவர் மகள் வெண்காலி.

"ஆண்வாரிசு நான் இருக்கும்போது நீயா?" என்று துள்ளினான் அரசரின் தம்பி மகன் கூர்செவியன்.

முயல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. கடித்தன, உதைத்தன. சில காதுகள் கிழிந்ததுதான் மிச்சம். யாரும் வெல்லவில்லை.

கூர்செவியனுக்குப் பொறுக்கவில்லை. வடகரையைப் பார்த்துக் காட்டுப்பன்றித் தலைவனைக் கூப்பிட்டான். "ஐயா! எனக்கு அரியணையை வாங்கித் தாருங்கள். பதிலுக்கு என்ன வேண்டும்?"

"நட்புக்கு விலையா? கொஞ்சம் கிழங்கு தோண்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். தண்ணீர் வற்றட்டும், வருகிறோம்!" என்றது பன்றி.

இதைக் கேட்ட வெண்காலி தீவின் தென் ஓரத்துக்கு ஓடினாள். எதிரே தென்கரையில் இருந்த நரித் தலைவனைத் துணைக்கு அழைத்துவிட்டாள்.

செய்தி கேட்டுச் செம்பி என்ற தாய் முயல் ஓடிவந்தாள். அவளுக்கு மூன்று பச்சைக் குட்டிகள். "நரியையா கூப்பிட்டீர்கள், தாயே!" என்று பதறினாள்.

"என் கட்சிக்காரர்களைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்."

"ஓடுகிற முயல் எந்தக் கட்சி என்று நரிக்கு எப்படித் தெரியும்?"



வெயில் ஏறியது. ஆறு இறங்கியது. செம்பி தினமும் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்தாள். நேற்று நீருக்குள் இருந்த மணல் இன்று வெளியே தெரிந்தது. இரு கரைகளிலும் கண்கள் காத்திருந்தன. அவள் இரவெல்லாம் விழித்திருந்து குட்டிகளைக் காத்தாள்.

வெண்காலிக்கும் உறக்கம் போய்விட்டது. கடைசியில் கூர்செவியனிடம் போனாள். "தம்பி, பயமாக இருக்கிறது. பன்றிகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. நானும் நரிகளிடம் சொல்லிவிடுகிறேன்."

"முதலில் நீ சொல், அக்கா!"

"நான் சொன்னபின் நீ ஏமாற்றினால்? முதலில் நீ சொல்!"

இருவரும் சொல்லவில்லை.

மறுநாள் வடக்கே இருந்து பன்றிகள் வந்தன. தெற்கே இருந்து நரிகள் வந்தன. நடுத்திட்டில் நேருக்கு நேர் நின்றன. முயல்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போரை எதிர்பார்த்தன.

நரித் தலைவன் தலையைச் சாய்த்தான். "அண்ணே, கிழங்கு எங்களுக்கு ஆகாது."

"முயலை நாங்கள் தேடி வரவில்லை" என்றது பன்றி.

"அப்புறம் நமக்குள் சண்டை எதற்கு?"

இரண்டும் சிரித்தன.

"ஐயோ! உங்களை அழைத்தவன் நான்!" என்று அலறினான் கூர்செவியன்.

"அதனால்தானே வந்தோம்!" என்றது பன்றி. அப்படியே மூக்கை மண்ணில் நுழைத்தது. நரிகள் பாய்ந்தன.

"கிழக்கு முனைக்கு ஓடுங்கள்! தண்ணீரில் குதியுங்கள்!" என்று கத்தினாள் செம்பி. ஒரு குட்டியைத்தான் அவளால் வாயில் கவ்வ முடிந்தது. மற்ற இரண்டையும் வெண்காலியும் கூர்செவியனும் ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டார்கள். மிச்சமிருந்த நீரோட்டம் அவர்களை இழுத்துப்போய் அக்கரை முட்காட்டில் ஒதுக்கியது.

கரையேறிய முயல்கள் மிகச் சில. அவை வெகுநேரம் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றன. வேறு யாரும் வரவில்லை.

குட்டியைச் செம்பியின் காலடியில் இறக்கி வைத்த கூர்செவியன், "அக்கா, இனி நீயே அரசியாக இரு" என்றான்.

வெண்காலி ஈரம் சொட்ட அவனைப் பார்த்தாள். "யாருக்கு அரசி, தம்பி?" என்றாள்.

வீட்டுச் சண்டையில் வெல்ல அயலானைத் துணைக்கு அழைப்பவர், சண்டையோடு வீட்டையும் அவனிடம் ஒப்படைக்கிறார்.