தென்கரை

"ஒரு மாணவன் எவ்வளவு காலம் வாயை மூடிட்டு இருக்கணும், அம்மா?"

கேட்டவர் சின்னப் பையன் இல்லை. தலை நரைத்தவர், பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறைத் தலைவர், பெயர் இசக்கியப்பன். ஆனாலும் தன் ஆசிரியர் மங்கையர்க்கரசியின் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

"யாருக்காக மூடணும்?"

இசக்கியப்பனின் பார்வை அலமாரியில் இருந்த ஆசிரியரின் நூல் மேல் போய் நின்றது.

மங்கையர்க்கரசிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே நூல். மண்ணுக்குள் போய்விட்ட கோடல்துறைத் துறைமுகம் ஆற்றின் வடகரையில்தான் இருந்தது என்று அதில் வாதாடி நிறுவியிருந்தார். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட முடிவு அது. அடுத்த வாரம் அந்த நூலுக்காகவே அவருக்குப் பாராட்டு விழா.

"எனக்காகவா?"

இசக்கியப்பன் தலை குனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார். இந்தக் கோடையில் தென்கரையில் தோண்டினாராம். அங்கே கிடைத்ததை விழா முடியும்வரை வெளியே விட வேண்டாம் என்று துணைவேந்தர் கேட்டுக்கொண்டாராம். விழா முடிந்தாலும் தன்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லையாம்.

மங்கையர்க்கரசி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வண்டியை எடு."

வண்டி தென்கரையில் போய் நின்றது.

குழிக்குள் ஏணி சார்த்தியிருந்தது. இந்த வயதில் வேண்டாம் என்று இசக்கியப்பன் தடுத்துப் பார்த்தார். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கீழே ஒரு செங்கல் சுவர். அதை ஒட்டிப் படகு கட்டுகிற கல்தூண்கள்.

ஒரு தூணைச் சுற்றி விரலை ஓட்டினார். எத்தனையோ தலைமுறைக் கயிறுகள் உராய்ந்து கல்லில் பள்ளம் விழுந்திருந்தது. விரல் அதில் பதிந்து நின்றது.

வெகுநேரம் அப்படியே நின்றார். மேலே இருந்தவருக்கு முகம் தெரியவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

பிறகு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செங்கல்லின் நீளம் என்ன, சுவர் எந்த மண்ணடுக்கில் நிற்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. கிழக்கே இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொன்னார்.

விழா நாளன்று அரங்கம் நிறைந்திருந்தது. பேசியவர்கள் எல்லோரும் வடகரையைப் புகழ்ந்தார்கள். இசக்கியப்பன் கூட்டத்துக்கு நடுவே தலை தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏற்புரைக்கு மங்கையர்க்கரசி எழுந்தார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"வடகரை என்று எழுதினேன். தவறு. துறைமுகம் தென்கரையில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் என் மாணவர் இசக்கியப்பன். எனக்குக் கொடுத்த நேரத்தில் மீதி அவருடையது."

உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இசக்கியப்பன் தயங்கித் தயங்கி மேடை ஏறினார். செங்கல் சுவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் தயக்கம் விலகிவிட்டது. கூட்டம் முன்னால் சாய்ந்து கேட்டது. பேசி முடித்ததும் முதல் கேள்வி மேடையிலிருந்தே வந்தது. கேட்டவர் மங்கையர்க்கரசி. அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே கடினமானது அதுதான். இசக்கியப்பன் சளைக்காமல் பதில் சொன்னார்.

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது.

திரும்பும்போது காரில் இசக்கியப்பனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நானே உங்க புத்தகத்தைச் சாய்ச்சிட்டேன். வருத்தமில்லையாம்மா?"

விழாவில் போட்ட மாலையிலிருந்து உதிர்ந்து கழுத்தில் ஒட்டியிருந்த ரோஜா இதழைப் பிய்த்து மங்கையர்க்கரசி ஜன்னல் வழியே விட்டார்.

"ஆயுசு பூரா அந்தத் துறைமுகத்தைப் பத்தி எழுதினேன், இசக்கி. போன வாரம்தான் பார்த்தேன்."