தொண்ணூறு நாள் சட்டமும் வாழைக்கறையும்

ரொம்ப காலத்துக்கு முன்னால், நெய்தலூர் நாட்டை மாறவேள் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் அதை மறந்தும் போவார்.

ஒருநாள் இரண்டு பேர் சபைக்கு வந்து, ஒருவருடைய தாத்தாவின் ஆடு மற்றவருடைய தாத்தாவின் அவரைக்கொடியை மேய்ந்துவிட்டதாக மூன்று நாள் விடாமல் வாதாடினார்கள். ஆடும் இல்லை, அவரையும் இல்லை, தாத்தாக்களும் இல்லை. ராசாவுக்குத் தலை வலித்தது.

"இனிமேல் கெடுதல் நடந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள் முறையிட வேண்டும். அப்புறம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது!" என்று சட்டம் போட்டார். அதிசயமாக, இந்தச் சட்டம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

அந்தச் சட்டம் வந்து ஒரு வருஷம் கழித்து, உமையாள் என்ற பெண் சபைக்கு வந்தாள். வயது முப்பத்தைந்துதான் இருக்கும். கும்பிடத் தூக்கிய கைகள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

"பயப்படாதே அம்மா" என்றார் ராசா.

"பயமில்லை மகாராசா, கை இப்படித்தான் ஆடுது. கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி மடியில கொட்டிடுது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால அரண்மனைக் கலசம் ஏழுக்குப் பொன்முலாம் பூசினாங்களே, அந்தப் பட்டறையில உலை ஊதினேன். பொன்னோட பாதரசத்தைக் கலந்து தடவித் தீயில காட்டுவாங்க. பாதரசம் புகையாப் போகும், பொன் ஒட்டிக்கும். புகை எங்க மூக்குக்குள்ள போச்சு. போன வருஷம் நடுக்கம் வந்துச்சு. காத்துக்கருப்புன்னு நினைச்சு ஊர் ஊரா மந்திரிச்சேன். பத்து நாளைக்கு முன்னாலதான் வைத்தியர், அந்தப் புகைதான் காரணம்னு சொன்னார்."

பட்டறைக்குச் சொந்தக்காரர் சங்கநிதியார். ராசாவுக்குப் பக்கத்து ஆசனத்திலேயே இருந்தார். கொக்குச் சிறகு மாதிரி வெள்ளைவெளேரென்ற பட்டுதான் உடுத்துவார். தூசி படுமென்று தூணில்கூடச் சாய மாட்டார்.

"அரசே, புகை பட்டது ஐந்து வருஷத்துக்கு முன். தொண்ணூறு நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இவளை அனுப்பிவிடலாம்" என்றார்.

அமைச்சர் ஆதிச்சர் எழுந்தார். "தெரியாத கெடுதலுக்கு எப்படி ஐயா முறையிடுவது?"

ஆதிச்சரின் பதவிமேல் சங்கநிதியாருக்கு வெகுநாளாக ஒரு கண். "கெடுதல் பட்ட நாள்தான் கணக்கு. இன்று பொழுது சாய்வதற்குள் என் வாயாலேயே அது தப்பு என்று சொல்லவைத்துவிடும் பார்ப்போம். சொன்னால் இந்தப் பெண்ணை ஆயுசுக்கும் நான் பராமரிக்கிறேன். சொல்லாவிட்டால் உம் பதவி எனக்கு!"

பந்தயம் என்றால் ராசாவுக்குக் கொள்ளை ஆசை. "ஆகட்டும்!" என்று தொடையைத் தட்டினார்.

"சரி. இந்த ஒருநாளுக்கு மட்டும் முறையிடும் கெடுவைத் தொண்ணூறு நாளிலிருந்து குறைத்துக்கொள்வோமா?" என்று கேட்டார் ஆதிச்சர்.

"ஒரு நாழிகை போதும்! புத்தியுள்ளவனுக்கு அதுவே அதிகம்" என்றார் சங்கநிதியார்.

ஆதிச்சர் உள்ளே போய், ஒரு செம்போடு வந்தார். எதிராளிக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, சங்கநிதியாரின் பட்டுமேல் தாராளமாகத் தெளித்தார். பன்னீர் வாசனை கமகமவென்று வந்தது. சங்கநிதியார் பூரித்துப்போய், "தோற்கப் போகிறவருக்கு இவ்வளவு பணிவு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

ஒரு நாழிகை போயிற்று. சபையில் வேறு வழக்குகள் நடந்தன. ஆதிச்சர் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

உச்சிவேளைக்கு மேல் சாமரம் வீசுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சங்கநிதியார் குனிந்து பார்த்தார். வெள்ளைப்பட்டு முழுக்கப் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகக் கறை!

"ஐயோ, என் பட்டு! யார் செய்த வேலை இது?"

"அடியேன்தான். பன்னீரில் வாழைச்சாறு கொஞ்சம் கலந்திருந்தது" என்றார் ஆதிச்சர்.

"அரசே, இவரைத் தண்டியுங்கள்!"

"தெளித்தது காலையில். ஒரு நாழிகை எப்போதோ தாண்டிவிட்டதே ஐயா."

சங்கநிதியார் துள்ளினார். "தெளித்தபோது வெறும் தண்ணீர் மாதிரிதானே இருந்தது! கறை இப்போதுதானே தெரிகிறது! தெரிந்த நேரத்திலிருந்துதானே ஐயா கணக்கு வைக்க வேண்டும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது.

"நானும் அதைத்தான் சாமி சொன்னேன். உங்க பட்டை வெளுத்துப் பார்க்கலாம். என் கையை எங்க போட்டு வெளுக்கிறது?" என்றாள் உமையாள்.

ராசா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவள் கைகளைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "கெடுதலும் அதன் காரணமும் தெரியவந்த நாள்தான் இனிக் கணக்கு. சங்கநிதியாரே, சொன்னபடி இவளைப் பராமரியும். அதுவரைக்கும் அந்தப் பட்டோடுதான் சபைக்கு வர வேண்டும்" என்றார்.

"எதுவரைக்கும் அரசே?"

"நடுக்கம் நிற்கிறவரைக்கும்."

ஆதிச்சருக்குத் தம் தோளிலிருந்த சால்வையைப் போர்த்தினார்.

மறுநாள் விடிந்தால் அரண்மனை வாசலில் பதினேழு பேர். கும்பிட்ட கைகள் எல்லாம் நடுங்கின.

"யார் இவர்கள்?"

"அதே பட்டறை ஆட்கள், அரசே. வைத்தியர் சொன்னதை நேற்று உமையாள் போய்ச் சொன்னாள். அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது" என்றார் ஆதிச்சர்.

ராசா அண்ணாந்து பார்த்தார். மேலே ஏழு கலசங்கள் தகதகவென்று மின்னின. இன்னும் இரண்டு முலாம் பூசாமல் செம்பாகவே நின்றன. அவற்றுக்கும் முலாம் பூசும் வேலையைச் சங்கநிதியாருக்குத் தரச் சொல்லி அன்று காலைதான் ஓலை எழுதியிருந்தார்கள். ராசா அதை வாங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டு, பதினேழு பேரையும் உள்ளே வரச் சொன்னார்.

அந்த இரண்டு கலசங்களும் கடைசிவரைக்கும் செம்பாகவே இருந்தன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.