மாப்பிள்ளை காய்ச்சிய கஷாயம்

செங்கமலபுரத்து ராசா வீரகண்டன் ஆசை ஆசையாக ஒரு வைத்திய கலாசாலை கட்டினார். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. உள்ளே போன ஆட்கள்தான் கோளாறு. தலைமை வைத்தியர் அகோரலிங்கம் தன் மருமகன் சபாநடேசனை ஆசான் ஆக்கினார். மருமகன் தன் தம்பி பூவராகனை மாணவனாகச் சேர்த்தான். மிச்ச இடத்தில் மச்சானும் சகலையும் வந்து உட்கார்ந்தார்கள். உறவுமுறை சொல்லாமல் அந்த வாசலுக்குள் நுழைந்தது மூலிகைத் தோட்டத்தில் மேய வந்த ஆடு ஒன்றுதான்.

வருஷம் தவறாமல் அங்கே விருது விழா நடக்கும். விருது வாங்குகிறவனை இன்னொரு விருதுக்காரன் எழுந்து புகழ வேண்டும், அதுதான் வழக்கம். மாமனார் மருமகனைப் புகழ்வார். மருமகன் தம்பியைப் புகழ்வான். தம்பி மாமனாரைப் புகழ்ந்து முடித்து வைப்பான். எல்லார் தோளிலும் பட்டுச் சால்வை ஏறும். ஊரில் காய்ச்சல் கண்டவன் மட்டும் கலாசாலைத் தெருவை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பான்.

அரண்மனை விகடர் கொழுந்துவேலு இத்தனை வருஷமும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர். இந்த வருஷம் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ராணி அல்லியம்மை நிறைமாதச் சூலி. பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு தங்கிய கரு. சிறந்த ஆசான் விருது வாங்குகிறவர் கையில்தான் ராணியின் பேறுகாலம் என்று ராசா சொல்லிவிட்டார். அந்த விருது சபாநடேசனுக்கு.

கொழுந்துவேலு ராணியின் பிறந்த ஊர்க்காரர், சீர்வரிசையோடு கூட வந்தவர். விழாவுக்கு முந்தின நாள் ராணி அவரை அழைத்தாள்.

"அண்ணே, அந்த ஆள் மருந்தைக் குடிச்சு நான் பிழைச்சு எழுந்திருப்பேனான்னு பயமா இருக்கு."

கொழுந்துவேலு நேரே ராசாவிடம் போனார். சபாநடேசன் வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். பக்கத்திலேயே அகோரலிங்கம் நின்றிருந்தார். அவருக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"வைத்தியனை வைத்தியன்தான் எடைபோடணும், மகாராசா. விகடம் பண்ணுற ஆளுக்கு இங்கே என்ன வேலை?"

ராசாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. சபாநடேசன் தகுதியில்லாதவன் என்று நாளைக்குச் சபையில் நிரூபிக்க வேண்டும், நோயாளியைச் சாட்சிக்குக் கூட்டி வரக் கூடாது, முடியாவிட்டால் சீமையை விட்டே போய்விட வேண்டும் என்று கொழுந்துவேலுவுக்கு ஆணை போட்டார்.

கொழுந்துவேலு கும்பிட்டார். "தலைமை வைத்தியர் சொன்னதுதான் நியாயம், மகாராசா. நாளைக்கு வைத்தியர்களே எடைபோடட்டும். யார் எந்த மருந்துக்கு விருது வாங்குறாங்களோ, அதை ஒரு செம்பு காய்ச்சிக் கொண்டு வந்தாப் போதும்."

ஊரே பார்த்து மெச்சட்டும் என்று அகோரலிங்கம் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் ராணியும், அகோரலிங்கத்தின் மனைவி தர்மாம்பாளும் இருந்தார்கள். புகழ்ச்சி ஆரம்பித்தது. தம்பி காய்ச்சும் பேதி மருந்து தேவாமிர்தம் என்றான் சபாநடேசன். மருமகன் கஷாயம் வாசலில் வந்தாலே எமன் கொல்லை வழியாக ஓடுவான் என்றார் அகோரலிங்கம்.

கொழுந்துவேலு எழுந்தார். அமிர்தத்தைச் செம்பில் வைத்துக்கொண்டு சும்மா பேசலாமா, புகழ்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சால்வையை வாங்கிக்கொள்ளட்டும் என்றார். ராசாவும் சரி என்றார். பூவராகனின் செம்பு முதலில் அண்ணன்காரனிடம் போனது.

சபாநடேசன் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "இன்னைக்கு எனக்கு வயிறு சரியில்லை" என்றான்.

"வயிறு சரியில்லைன்னாத்தானே ஐயா பேதி மருந்து" என்றார் கொழுந்துவேலு.

"இல்லை, இன்னைக்கு விரதம்."

"காலையில பந்தியில மூணாவது தடவை பொங்கல் வாங்கினீங்களே, அது எந்த சாமிக்கு?"

சபை கொல்லென்று சிரித்தது. சபாநடேசன் செம்பை மெல்லக் கீழே வைத்தான். அடுத்தது பூவராகன் முறை. அவன் புகழ்ந்தது அண்ணனின் மாமனார் அகோரலிங்கத்தின் லேகியத்தை. அதை அவன் கண்ணால் பார்த்ததோடு சரி. தனக்குப் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் மருமகனின் கஷாயம் மாமனார் கைக்கு வந்தது. இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும். அகோரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு செம்பைத் தூக்கினார். உதட்டுக்கு ஒரு விரற்கடைதான் இடைவெளி.

பெண்கள் பக்கத்திலிருந்து தர்மாம்பாள் எழுந்து ஓடி வந்தாள். செம்பைத் தட்டிவிட்டாள். கஷாயம் தரையெல்லாம் கொட்டியது.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? மாப்பிள்ளை காய்ச்சினதுன்னு தெரிஞ்சுமா குடிக்கப் போறீங்க? எனக்குத் தாலி வேணும்."

ராசாவின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை செலவு பண்ணிக் கட்டின கலாசாலையில் நோயைக் கணிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லையா என்று கர்ஜித்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க, மகாராசா" என்றார் கொழுந்துவேலு. "நாடி பிடிக்கலை, நாக்கைப் பார்க்கலை. ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு சரியாக் கணிச்சுட்டாங்க. வைத்தியனை வைத்தியன்தான் எடைபோடணும்னு பெரியவர் சொன்னாரே, போட்டாச்சு."

சபாநடேசனுக்குக் கொடுத்த பொறுப்பை ராசா அந்த இடத்திலேயே பறித்தார். ராணியின் பிறந்த ஊரிலிருந்தே கைராசியுள்ள மருத்துவச்சியை வரவழைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ராணிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

தட்டில் சால்வைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. இவற்றை என்ன செய்வது என்று ராசா கேட்டார்.

"ஒண்ணை மட்டும் எடுத்துத் தர்மாம்பாள் அம்மாவுக்குப் போர்த்துங்க, மகாராசா" என்றார் கொழுந்துவேலு. "இந்தக் கலாசாலை ஆரம்பிச்ச நாளிலிருந்து இங்கே ஒரு உயிரைக் காப்பாத்தினது அவங்க ஒருத்தர்தான்."

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே சால்வையை எடுத்து நீட்டினார். தர்மாம்பாள் வாங்கி உதறிப் போர்த்திக்கொண்டு, புருஷனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்.