ஆவுடை விற்ற மேட்டு நிலம்

காதைக் கொடுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்கலாம். ராசாக்கள் கோட்டை கட்டிக்கொண்டும், கட்டிய கோட்டையை இடித்துக்கொண்டும் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் நெடுமுடி என்றொரு ராசா, ஆனைக்கிடை என்ற ஊருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோட்டை கட்டினான்.

கோட்டை வந்தால் சும்மா வருமா? படை வந்தது, கடை வந்தது, கூட்டம் வந்தது. வந்த கூட்டத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு இடம் வேண்டும். அதுவரை கம்பும் சோளமும் விளைந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஆனைக்கிடை மண்ணுக்கு ஒரே வருஷத்தில் பொன் விலை வந்துவிட்டது.

அந்த ஊரில் ஆவுடை என்ற குடியானவப் பெண் இருந்தாள். ஐம்பது வயசு. குரல் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அவள் புருஷன் பெயர் சொரிமுத்து. இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு காணி நிலம். அதில் மூன்று காணி மேட்டு நிலம், செம்மண்ணும் சரளையும். மற்ற நாலு காணி பள்ள நிலம், நல்ல கரிசல். மேட்டில் விதைத்தால் பாதி முளைக்கும். பள்ளத்தில் விதைத்தால் தவறி விழுந்த விதைகூட முளைக்கும். பிள்ளைகள் மூன்றும் பெண்கள். மூன்று பேரையும் தூர ஊர்களில் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது ஏழு காணிக்கும் நாலே கைகள்.

"வித்துருவோம் ஆவுடை. என் இடுப்பு முடியாதுங்குது" என்றான் சொரிமுத்து, முதல் நாள்.

"உங்க இடுப்பைக் கேட்டா நிலத்தை விக்கிறது? விக்கக் கூடாது" என்றாள் ஆவுடை.

இரண்டாம் நாள் ஆவுடை களை பிடுங்கப் போய், வெயிலில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சொன்னதுதான் சரி. வித்துருவோம்" என்றாள். சொரிமுத்துவோ அதற்குள் ஊரைச் சுற்றி வந்து மனசை மாற்றிக்கொண்டிருந்தான். "அதெப்படி விக்கிறது? நீ சொன்னதுதான் சரி. விக்கக் கூடாது" என்றான். மறுபடியும் அதே சண்டை, ஆள் மட்டும் இடம் மாறி.

மூன்றாம் நாள் யார் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே கூழைக் குடித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஆவுடை வடக்கே பார்த்தாள். வடக்கு நிலத்துக்காரர் போன வருஷமே விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கிய வணிகன் அங்கே இருந்த கிணற்றை மண் போட்டு மூடினான். நெடுக வெள்ளைக் கல் நட்டான். போய்விட்டான். வீடும் வரவில்லை, விளைச்சலும் நின்றுபோயிற்று. கல்லுக்குக் கல் நடுவே முள்ளுதான் முளைத்துக் கிடந்தது. ஆவுடை யோசித்தாள். விற்றால் நம் மண்ணும் இப்படித்தான் கிடக்குமோ? விற்காவிட்டால் இந்த நாலு கையால் இன்னும் எத்தனை நாள்?

அந்த வாரத்திலேயே நிலம் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

முதலில் மாட்டு வண்டியில் வந்தான் தனகோடி. வடக்கு நிலத்தில் கல் நட்ட வணிகன் அவன்தான். பூவரச மர நிழலில் உட்கார்ந்தான். ஆவுடை மோர் கொடுத்தாள்.

"ஏழு காணியையும் கொடுத்துவிடுங்கள். ஒரு குடம் பொற்காசு தருகிறேன்" என்றான்.

சொரிமுத்துவின் கண் அந்தக் குடத்தின் வாய் அளவுக்கு விரிந்தது. ஆவுடை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, எங்க நிலத்துல கிணறு எங்கே வெட்டுவீங்க?"

தனகோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எதற்கம்மா கிணறு வெட்டப் போகிறேன்? வாங்கிப் போடுவேன். விலை ஏறும். விற்பேன். வாங்குகிறவன் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளட்டும்."

"யோசிச்சுச் சொல்றோம் ஐயா" என்று ஆவுடை அனுப்பிவைத்தாள்.

இரண்டாவதாகக் குதிரையில் வந்தான் ராசாவின் குதிரைப்படைத் தலைவன். அதே பூவரச நிழலில் உட்கார்ந்தான். ஆவுடை அதே மோரைக் கொடுத்தாள்.

"ஏழு காணியும் எனக்கு வேண்டும். ஒரு குடம் பொற்காசு, அதோடு ஒரு குதிரையும் தருகிறேன்" என்றான்.

சொரிமுத்து குதிரையைப் பார்த்தான். குதிரை சொரிமுத்துவைப் பார்த்தது. ஆவுடை கேட்டாள்:

"ஐயா, கிணறு எங்கே வெட்டுவீங்க?"

"கிணறென்ன, குளமே வெட்டுவேன்! நடுவில் மாளிகை, பக்கத்தில் அல்லிக்குளம், சுற்றிலும் ஆள் உயர மதில்!"

"வருஷத்துல எத்தனை நாள் இருப்பீங்க?"

"மாம்பழக் காலத்தில் ஒரு பத்து நாள் வந்து போவேன்."

"யோசிச்சுச் சொல்றோம் ஐயா" என்றாள். குதிரை போன திசையையே சொரிமுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் நடந்தே வந்தது. கோட்டைச் சுவரைக் கட்டிய கல்தச்சர்கள், சுண்ணாம்பு அரைக்கும் பெண்கள், மண் சுமக்கிறவர்கள் என்று இருபத்தொரு குடும்பம். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. ஆறு வருஷமாக ராசாவுக்கு மாடம் கட்டினார்கள், மந்திரிக்கு மாளிகை கட்டினார்கள், தாங்கள் மட்டும் ஓலைக் குடிசையில் ஒழுகுகிற கூரைக்கு அடியில் படுத்தார்கள். பூவரச நிழல் அவர்களுக்குப் போதவில்லை. மோரும் போதவில்லை. ஆவுடை மூன்று முறை தண்ணீர் ஊற்றிப் பெருக்கினாள். கடைசியில் வந்தவர்களுக்கு மோரின் நிறம் மட்டும்தான் கிடைத்தது. அதையும் நன்றாக இருக்கிறது என்றே குடித்தார்கள்.

அவர்களுக்காகப் பேசியவள் இசக்கி, ஒரு கல்தச்சரின் மனைவி. "அக்கா, எங்களுக்கு ஏழு காணி வேண்டாம். மேட்டு நிலம் மூணு காணி மட்டும் போதும். சரளை மண்ணுல அஸ்திவாரம் நல்லா நிக்கும். எங்க எல்லார்கிட்டயும் சேர்த்து ஒரு சொம்புக் காசு இருக்கு. அவ்வளவுதான் அக்கா" என்றாள்.

சொரிமுத்து வானத்தைப் பார்த்தான். ஆவுடை கேட்டாள்:

"சரி, கிணறு எங்கே வெட்டுவீங்க?"

கேட்டதுதான் தாமதம்.

"நடுவுல வெட்டணும்" என்றாள் இசக்கி.

"நடுவுல வெட்டினா பிள்ளைங்க எங்கே ஓடி விளையாடும்? மேற்கே வெட்டணும்" என்றான் அவள் புருஷன் சிவனணைந்தான்.

"மேற்கே வெட்டினா கிழக்கு வீட்டுக்காரி குடத்தைச் சுமந்து சாகவா? நீயா தூக்கப் போறே?" என்றாள் மூன்றாவது ஒருத்தி.

"கிணறு இருக்கட்டும், ஆடு எங்கே கட்டுறது? என் வீட்டு வாசல்ல கட்டினா விடமாட்டேன்."

"உன் வாசல் எதுன்னு யாரு முடிவு பண்ணினா? முதல் வீடு எங்களுக்கு."

இருபத்தொரு குடும்பமும் ஒன்றாகக் கத்தியது. ஒருவர் குச்சியால் தரையில் தெருவை வரைந்தார், இன்னொருவர் காலால் அதை அழித்துவிட்டு வேறு தெரு வரைந்தார். இன்னும் வாங்காத நிலத்தில், இன்னும் வெட்டாத கிணற்றடியில், இன்னும் கட்டாத வீட்டுக்காரிகள் இரண்டு பேர் துணி உலர்த்துகிற இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

இசக்கிக்கு முகம் வாடிவிட்டது. "மன்னிச்சிருங்க அக்கா. வந்த இடத்துல இப்படிக் கத்திட்டோம். கொடுக்க மாட்டீங்க, தெரியும்" என்றாள்.

ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்துபோய் எல்லாரும் அடங்கினார்கள். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அத்தனை பேரு சொன்னதும் தப்பு. தண்ணி இருக்கிறது அந்த வட்டப்பாறைக்குத் தெக்கே. நாளைக்கு வந்து அங்கே தோண்டுங்க" என்றாள்.

கூட்டம் ஆரவாரத்தோடு திரும்பிப் போயிற்று. சொரிமுத்து இடிந்து உட்கார்ந்தான். "ஏ ஆவுடை, ஒரு குடம் எங்கே, ஒரு சொம்பு எங்கே? குதிரை வேற! இந்தச் சண்டைக்காரக் கூட்டத்துக்கா கொடுத்தே?"

"சண்டை போட்டதாலதான் கொடுத்தேன்" என்றாள் ஆவுடை. "முதல்ல வந்தவருக்குக் கிணறே வேண்டாம், ஏன்னா அவரு இங்கே இருக்கப் போறதில்லை. ரெண்டாவதா வந்தவருக்குப் பத்து நாள் போதும். இவங்க மட்டும்தான் இப்பவே இங்கே குடியிருக்கிற மாதிரி சண்டை போட்டாங்க. சரி, கோட்டை வராத காலத்துல அந்த மேட்டுக்கு என்ன விலை இருந்தது?"

சொரிமுத்து விரலை மடக்கினான். "அரைச் சொம்பு" என்றான் மெல்ல.

"அப்ப நமக்கு நட்டமா?"

சொரிமுத்து இல்லையென்று தலையை ஆட்டினான். ஆனாலும் குதிரைக்காக ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டான்.

வட்டப்பாறைக்குத் தெற்கே பதினாறு முழத்தில் தண்ணீர் பீறிட்டது. பகலெல்லாம் கோட்டை வேலை. அது முடிந்து வந்து பொழுது சாய்கிற வரை வீட்டு வேலை. கல்தச்சர்கள் தங்களுக்கே கட்டுகிற வீடு அல்லவா, ஒரு கல்லும் கோணவில்லை. பள்ள நிலத்தில் அறுவடை வந்தபோது, ஆவுடை யாரையும் கூப்பிடவில்லை. மேட்டிலிருந்து நாற்பது கைகள் அரிவாளோடு இறங்கி வந்தன. பத்து நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அள்ளிய சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய வேலையும் இல்லை. மேட்டு வீட்டுக்காரர்களே களத்துக்கு வந்து விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். சொரிமுத்துவின் இடுப்பு பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

தை மாதத்தில் இருபத்தொரு வீட்டுக்கும் ஒரே நாளில் பால் காய்ச்சினார்கள். முதலில் ஆவுடை யார் வீட்டுக்கு வரவேண்டும் என்று அதற்கும் ஒரு சண்டை. "எல்லா வீட்டுக்கும் வர்றேன், வாயை மூடுங்க" என்றாள் அவள். வீட்டுக்கு ஒரு கை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். பதினாலாம் வீட்டில் மூச்சு வாங்கியது. இருபதாம் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் இருபத்தொன்றையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தனகோடி மறுபடியும் வண்டியில் வந்து இறங்கினான். மேட்டில் வீடுகள் வந்ததும் பக்கத்து மண்ணுக்கு விலை ஏறியிருந்தது. "பள்ள நிலம் நாலு காணிக்கு மட்டும் இரண்டு குடம் தருகிறேன். இப்போது சொல்லுங்கள்" என்றான்.

ஆவுடைக்கு வாய் நிறையப் பொங்கல், பேச முடியவில்லை. சொரிமுத்துதான் எழுந்தான். பள்ளத்தில் பச்சையாக நின்ற வெங்காயத்தையும் கத்தரியையும் பார்த்தான். மேட்டில் புகைந்துகொண்டிருந்த இருபத்தொரு அடுப்பையும் பார்த்தான்.

"மேட்டுல வீடு கட்டினவங்க சாப்பிட வேண்டாமா ஐயா?" என்றான். "இந்த அடுப்புக்கெல்லாம் பள்ளத்துல இருந்துதான் போகணும். அதையும் வித்துட்டா இவங்க கல்லையா அவிச்சுத் தின்பாங்க? நீங்க உக்காருங்க. ஒரு கை பொங்கல் சாப்பிட்டுப் போங்க."

தனகோடி உட்கார்ந்தான். பொங்கல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டாம் கையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்று சொல்கிறார்கள்.

சொரிமுத்து தன் மனைவியைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு நடத்திப் போனான். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆகவே, கேட்டவர்களே, மண்ணை விற்பதானாலும் வைத்திருப்பதானாலும், எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்கு முன்னால், அதில் யார் வாழ்வார்கள், யார் வயிறு நிறையும் என்று பார்க்கிறவரே சரியாக முடிவு செய்கிறார்.