ஹேவாபியின் இரண்டு கோடுகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நியூ கினித் தீவில் நான்கு வருடம் விமான மெக்கானிக்காக இருந்த ஒருவர், ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து சொன்னார். சிறிய விமானம் எதிலும் நான் ஏறியதில்லை. அவர் சொன்னதோடு எதையும் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

"எனக்கு ஏன் ஹேவாபி கிடையாது?" என்று கேட்டார் விமானி தணிகைவேல்.

கேட்டது ரெஜினாவிடம். அந்தக் கம்பெனியின் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். தூத்துக்குடிக்காரர். தணிகைவேலைவிட ஏழு வயது இளையவர். அந்த மலைகளில் தமிழ் பேச அவர்கள் மூன்று பேர்தான், மெக்கானிக் மூன்றாமவர்.

ஹேவாபி, மலைச்சரிவில் ஒரு புல் ஓடுதளம். நானூறு மீட்டர் நீளம். கீழ்நுனியில் பள்ளத்தாக்கு. மேல்நுனியில் மலை. மேட்டைப் பார்த்துத்தான் இறங்க முடியும். இறங்கும் வழியில் நிற்கும் ஒற்றைப் பைன் மரத்தைத் தாண்டிவிட்டால், வேண்டாம் என்று மேலே திரும்ப இடமில்லை.

அங்கே தனியாக இறங்க ரெஜினாவின் கையெழுத்து வேண்டும். போன மாதம் அது ஜோயலுக்குக் கிடைத்தது. ஜோயல் உள்ளூர்க்காரன். பறக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது.

தணிகைவேலுக்குப் பன்னிரண்டு வருடம்.

ரெஜினா வெந்நீரில் காபித்தூளைக் கலக்கினார்.

"இறங்க உங்களுக்கு நல்லாத் தெரியும் சார்," என்றார்.

"அப்புறம்?"

"நேத்து இங்க நம்ம தளத்துல இறங்கினீங்களே, சக்கரம் எங்க பட்டுச்சு?"

தணிகைவேல் யோசித்தார். நுனியிலிருந்து முப்பது தப்படி இருக்கும் என்றார். முப்பத்தைந்தாகவும் இருக்கலாம் என்றார்.

"ஜோயலுக்கு?"

"இருபத்தேழு," என்றார் தணிகைவேல் உடனே.

ரெஜினா காபியைக் குடித்தார்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் இறங்கியதும் மற்றவர்கள் போய், ஓடுதளத்தின் நுனியிலிருந்து சக்கரம் பட்ட இடம்வரை தப்படி வைத்து அளப்பார்கள். யாருக்குக் குறைவோ, அவர் அன்று முழுவதும் மற்றவர்களைக் கேலி செய்யலாம். தணிகைவேல் ஜோயலுடையதை மட்டும் அளந்தார். அதுவும் ஜோயல் சாப்பிடப் போன பிறகு.

ஜோயல் வீட்டிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பான். நல்ல பழம். நல்ல பழமாக இருந்ததும் தணிகைவேலுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஹேவாபியிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. ஒருவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஜோயல் கடற்கரைக்கு அரிசி ஏற்றப் போயிருந்தான்.

"வாங்க சார்," என்றார் ரெஜினா. "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருக்கேன். சரியா இறக்கினா கையெழுத்து இன்னைக்கே."

வழியில் ரெஜினா ஒரு தடவைதான் பேசினார். நுனியிலிருந்து நாற்பது தப்படி உள்ளே வெள்ளைத் துணி விரித்திருக்கும். சக்கரம் அதில் படவேண்டும், அதற்கு முன்னால் படக்கூடாது. நுனியில் காற்று பள்ளத்துக்குள் சரிகிறது, விமானத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்றார்.

தெரியும் என்றார் தணிகைவேல்.

நன்றாகத்தான் வந்தார். வேகம் சரி. உயரம் சரி. வெள்ளைத் துணி கண்ணாடியின் நடுவில் அசையாமல் நின்றது.

அப்போது புல்லில் இரண்டு கோடுகளைப் பார்த்தார். ஈரப் புல்லில் கறுப்பாகத் தெரிந்தன. துணிக்கு வெகு முன்னால், நுனியிலேயே தொடங்கியிருந்தன.

முந்தின நாள் ஜோயல் இங்கே வந்து போயிருந்தான்.

நாற்பதும் இல்லை, இருபத்தேழும் இல்லை, பாவி நுனியிலேயே வைத்திருக்கிறானே என்று நினைத்தாராம். பிறகொரு நாள் மெக்கானிக்கிடம் அவரே சொன்னது.

எஞ்சினைக் கொஞ்சம் குறைத்தார். துணி கண்ணாடியில் மேலே ஏறியது. நுனி நடுவுக்கு வந்தது.

"துணியைப் பாருங்க," என்றார் ரெஜினா.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பைன் மரம் நெருங்கியது. ரெஜினா அவர் கையின் மேல் தன் கையை வைத்து, எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினார். விமானம் முக்கி முனகி மேலே ஏறி, மலையை விட்டு இடப்பக்கம் திரும்பியது.

"நான் இறக்கியிருப்பேன்," என்றார் தணிகைவேல்.

ஒரு வட்டம் சுற்றி வந்து ரெஜினாவே இறக்கினார். சக்கரம் துணியில் பட்டது. மேல்நுனிவரை ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்தினார்.

தணிகைவேல் கதவைத் திறந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் கீழே நடந்தார். கோடுகள் தொடங்கும் இடத்தைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் அவருக்கு. துணியைத் தாண்டினார். நுனிக்கு வந்தார்.

கோடுகள் நுனியில் தொடங்கவில்லை. நுனியைத் தாண்டி, பள்ளத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு கோடுகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். நானூறு மீட்டர் மேடு. பாதி வழியில் மூச்சு வாங்கியது.

கோடுகள் விமானத்தின் அருகே, இரண்டு மூங்கில்களின் அடிநுனியில் முடிந்தன.

மூங்கில்களின் நடுவே கித்தான் கட்டியிருந்தது. அதில் தொடையில் கட்டுப் போட்ட ஒரு மனிதர் படுத்திருந்தார். முன்பக்கத்தைத் தோளில் சுமந்து, பின்பக்கத்தைத் தரையில் இழுத்து வந்த இரண்டு பேர் புல்லில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள்.

ரெஜினா அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க முந்தப் பாத்த ஆள் இவர்தான் சார்," என்றார். "தலைப்பக்கம் பிடிங்க. மெதுவா."

தணிகைவேல் பிடித்தார்.

மெக்கானிக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டுத் தன் ஸ்டேஷனில் இறங்கிப் போனார். ஒரு ஆள் படுக்கும் மூங்கில்களுக்கு நடுவே இரண்டடி இருக்கும். அந்த வகை விமானத்தின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே எத்தனை என்று பிறகு தேடிப் பார்த்தேன்.

எட்டடி.